கூலி: ஊதியம் ஆளாகிப்போன வரலாறு

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைப் பட்டியலிடுவது நம் மேடைகளில் பெருமைக்குரிய காரியமாக இருந்து வருகிறது. கட்டுமரம் போயிருக்கிறது. சுருட்டு போயிருக்கிறது. மிளகுதண்ணீரும் வெட்டிவேரும் கறியும் போயிருக்கின்றன. இவற்றைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கிய பிறகு, பட்டியலின் கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொல்லப்படும் சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று பறையர் என்பதிலிருந்து போனது. மற்றது கூலி. பொருள்களின் பெயராகப் போனவை அங்கேயும் பொருள்களின் பெயராகவே இருக்கின்றன. யாழ்ப்பாணத்துச் சுருட்டு இலண்டனுக்குப் போனாலும் சுருட்டுத்தான். மனிதரைத் தொட்ட சொற்கள் இரண்டும் போன இடத்தில் வசைகளாகி விட்டன. இவற்றுள் கூலி என்ற சொல்லைப் பற்றியதே இக்கட்டுரை.

அரியாலையில் ஒரு சிறிய பாடசாலையில் நான் தமிழும் வரலாறும் படிப்பிக்கிறேன். எங்கள் பாடசாலை அகராதியில் இந்த ஆங்கிலச் சொல்லுக்கு நேரே 'சுமைதூக்கி, கூலியாள்' என்று பொருள் தரப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்த ஒரு மாணவி ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "சேர், கூலி எண்டால் குடுக்கிற காசெல்லோ? அதெப்பிடி மூட்டை தூக்கிற ஆளாகும்?" இந்தக் கேள்விக்குள் ஏறத்தாழ நானூறு வருட வரலாறு அடங்கியிருக்கிறது.

முதலில் தமிழில் இச்சொல் எவ்வாறு வழங்குகிறது என்று பார்க்கலாம். நாட்கூலி, வெட்டுக்கூலி, தையற்கூலி, வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சுமைகூலி என்று நாம் சொல்லும் எதிலும் கூலி என்பது ஆளன்று. உழைப்புக்காகக் கொடுக்கப்படும் பொருளே கூலி. திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்து 619ஆம் குறளில் இச்சொல் வருகிறது. உடம்பை வருத்திச் செய்த முயற்சிக்குக் கிடைக்கும் பயன் என்ற பொருளிலேயே வள்ளுவர் அதனை ஆண்டிருக்கிறார். மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே சொல் இதே பொருளில் உண்டு. சிங்களத்தில் 'குலிய' என்றால் வாடகை. வீட்டு வாடகையையும் அதே சொல்லால் குறிப்பார்கள். இந்த மொழிகளில் எல்லாம் கூலி என்பது ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க வேண்டிய ஒன்று. அதாவது, கொடுப்பவனின் கடமையைச் சொல்லும் சொல் அது.

ஆளைக் குறிக்க வேண்டுமானால் தமிழில் இன்னொரு சொல்லைச் சேர்த்தாக வேண்டும். கூலியாள் என்போம், கூலிக்காரர் என்போம். கூலியும் வேண்டும், ஆளும் வேண்டும். ஐரோப்பியர் இதைத் தம் வாயில் எடுத்துக்கொண்டபோது 'ஆள்' என்ற பகுதியை விட்டுவிட்டு 'கூலி' என்ற பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகி வருவதை இலக்கணத்தில் ஆகுபெயர் என்று படிப்பிக்கிறோம். 'ஊர் சிரித்தது' என்றால் ஊரிலுள்ளவர்கள் சிரித்தார்கள் என்று பொருள். அந்த ஆகுபெயரில் மனிதருக்கு எந்தக் குறைவும் இல்லை. கூலி ஆகுபெயரானபோது நடந்தது வேறு. வாங்க வேண்டிய ஊதியத்தின் பெயர் மனிதனுக்கு வைக்கப்பட்டது. பெயர் நிலைத்தது. ஊதியம் பல இடங்களில் நிலைக்கவில்லை.

இச்சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே ஒரே கருத்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹென்றி யூல், ஏ.சி. பேர்ணெல் என்ற இருவர் தொகுத்த 'ஹொப்சன்-ஜொப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி 1886இல் வெளிவந்தது. பேர்ணெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்திய மொழிகளை நன்கு கற்றவர். அந்த அகராதி தமிழ்க் கூலியையும் சொல்கிறது, குஜராத் கரையில் வாழும் கோலி என்ற சமூகத்தாரின் பெயரையும் சொல்கிறது. மேற்குக் கரையில் கோலிகளைக் கண்ட போர்த்துக்கேயர் அப்பெயரைச் சுமை தூக்குவோர் எல்லாருக்கும் பொதுவாக்கியிருக்கலாம். கிழக்கே வந்தபோது தமிழ்ச் சொல் அதனோடு கலந்திருக்கலாம். துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் 'குல்' என்ற சொல்லைக் காட்டுவோரும் உளர். ஹைதராபாத் நகரை 1591இல் அமைத்த முஹம்மது குலி குதுப் ஷாவின் பெயரிலுள்ள 'குலி' அந்தத் துருக்கிச் சொல்லின் வழிவந்ததே. அரபியில் 'அப்து' எப்படியோ அப்படித்தான் அது. அடியான் என்ற பணிவைக் காட்டும் அந்தச் சொல்லை ஓர் அரசன் பெருமையாகத் தன் பெயரில் சுமந்திருக்கிறான்.

பல ஊற்றுகள் கலந்திருந்தாலும், சுமைக்கும் வயலுக்கும் கப்பலுக்கும் பிடிக்கப்பட்ட ஆள் என்ற பொருளில் இச்சொல்லை உலகெங்கும் பரப்பியதில் தமிழ்க் கரைக்குப் பெரும் பங்குண்டு என்பதே என் எண்ணம். சென்னை, நாகப்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து கப்பல் ஏறியவர்களோடு இச்சொல்லும் ஏறியது. ஒல்லாந்தர் அதை எழுதிக்கொண்டார்கள். மலாய் மொழி எடுத்துக்கொண்டது, இந்தோனேசியாவில் இன்றும் 'குலி' என்றால் உடலுழைப்பாளிதான். சீனர்கள் இதே ஓசைக்கு இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் எழுத்துக்குக் கசப்பு என்று பொருள், இரண்டாவதற்கு வலிமை என்று பொருள். கசப்பான உழைப்பு! ஓசைக்காகத் தேர்ந்த எழுத்துகள் பொருளையும் சரியாகச் சொல்லிவிட்டன.

நம் ஈழத்துக்கு வருவோம். ஒல்லாந்தர் காலத்தில், 1658 முதல் 1795 வரை, இங்கு வேறொரு தமிழ்ச் சொல் ஆட்சியாளரின் ஏடுகளில் ஏறியிருந்தது. அது 'ஊழியம்'. முஸ்லிம்களையும் செட்டிகளையும் வேற்று நாட்டவர் என்று வகைப்படுத்திய ஒல்லாந்தர், அவர்கள் கம்பனிக்கு ஊதியமின்றி உழைக்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். அந்தக் கட்டாய உழைப்பின் பெயரே ஊழியம். வர முடியாதவர் பணம் கட்டி விலக வேண்டும். இந்த மண்ணில் தலைமுறைகளாக வேரூன்றிய மக்களை அந்நியர் என்று எழுதி, அந்த எழுத்தின் பலத்தில் அவர்களின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஊழியம் என்பது கூலியில்லாத சுமை. சிங்கள மக்கள் மீதிருந்த இராஜகாரிய முறை 1832இல் நீக்கப்பட்டது. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. இனி எல்லாருக்கும் கூலி உண்டு என்ற காலம் வந்ததாகத் தோன்றியது.

அதே காலத்தில்தான் கோப்பித் தோட்டங்கள் வந்தன. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பகுதிகளிலிருந்து மக்கள் பாக்கு நீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். மதவாச்சி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவுக்கும் அம்மைக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலர் பலியானார்கள். சேர்ந்தவர்கள் இலயங்களில் அடைக்கப்பட்டார்கள். ஆங்கிலத்தில் அவற்றுக்குப் பெயரே கூலி லைன்.

இவர்கள் அடிமைகள் அல்லர், கூலி பெறும் சுதந்திர மனிதர்கள் என்று சட்டம் சொன்னது. நடைமுறை எப்படி இருந்தது? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம், ஒப்புக்கொண்ட வேலையை விட்டுப் போவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கூலி மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்தது. கொடுக்கப்பட்டபோதும் கங்காணியின் கைவழியாகவே வந்தது. பயணச் செலவு, அரிசி, கம்பளி என்று கடன் ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டும் தோட்டத்துக்கு இந்த ஆட்களை விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டும் தமிழ்ச் சொல்லே. அதுவும் அப்படியே ஆங்கிலச் சட்டத்தில் ஏறிற்று. கடன் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறியது, கடனோடு மனிதர்களும் கைமாறினார்கள்.

துரைமார் தமிழ் கற்பதற்கென்று கொழும்பில் கைநூல்கள் அச்சாயின. பேர்குசன் என்பவர் எழுதிய ஒரு கைநூலின் தலைப்பு 'இங்கே வா'. ஒரு மொழியைக் கற்கப் புகும் மனிதன் முதலில் எதைக் கற்கிறான் என்பது, அந்த மொழியைப் பேசுபவர்களை அவன் எப்படிக் காண்கிறான் என்பதைக் காட்டிவிடுகிறது.

இலங்கைக்கு வெளியிலும் இதே கதைதான். 1834 முதல் மொரீஷியசுக்கும், 1838 முதல் பிரித்தானிய கயானாவுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். 1860 நவம்பர் 16ஆம் திகதி சென்னையிலிருந்து சென்ற 'துருரோ' என்ற கப்பல் நேட்டாலை அடைந்தது. அடிமைமுறை ஒழிந்த தேசங்களில் அடிமைகள் விட்டுப்போன இடத்தை இவர்களைக் கொண்டு நிரப்பினார்கள். அடிமைக்கும் கூலியாளுக்கும் உள்ள வேறுபாடே கூலிதான். அந்த வேறுபாட்டைச் சொல்லும் சொல்லையே எடுத்து, வேறுபாடு தெரியாமற்போன ஒரு நிலைக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

1893இல் தென்னாபிரிக்கா சென்ற காந்தி தமது சுயசரிதையில் இதைப் பற்றிச் சொல்லியிருப்பது நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. அங்கே இந்தியர் எல்லாரையும் வெள்ளையர் கூலி என்றே அழைத்தார்கள். வழக்கறிஞரான அவரும் கூலி பாரிஸ்டர்தான். தமிழ்ப் பெயர்களின் கடைசியில் வரும் 'சாமி'யும் அங்கே இழிவுப் பெயராகியிருந்தது. இந்தப் பெயரிலிருந்து தப்புவதற்காக முஸ்லிம் வணிகர்கள் தம்மை அரபிகள் என்று சொல்லிக்கொண்டார்கள். பார்சிகள் தம்மைப் பாரசீகர் என்றார்கள். கூலி என்று அழைக்கப்பட்டால், நான் கூலியல்ல, அரபி என்று மறுப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த மறுப்பு, மற்றவன் கூலிதான் என்பதை ஒப்புக்கொள்ளும் மறுப்பு. அதே நேட்டாலில் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, முதலாளி அடித்து முன்பற்கள் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியின் முன்னால் வந்து நின்றார். அரபி என்று சொல்லித் தப்ப அவருக்கு வழியில்லை.

யாழ்ப்பாணத்தவராகிய நாமும் இந்தப் பழியிலிருந்து முற்றாக நீங்கியவர்கள் அல்லர். ஆங்கிலம் படித்து எழுதுவினைஞராகவும் கணக்கராகவும் தென்னிலங்கைக்கும் மலாயாவுக்கும் போன நம் முன்னோர் பலர், தோட்டத்து மக்களைத் துரையின் கண்ணாலேயே பார்த்தார்கள். 'தோட்டக்காட்டான்' என்ற வசை இங்கே தமிழ் வாய்களில்தான் புழங்கியது. 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையகத்திலிருந்து வடக்கே வந்த குடும்பங்கள் வன்னியில் குடியேறி, வயலிலும் தோட்டத்திலும் நாட்கூலிக்கு நின்றன. அவர்களுக்கு நாம் கொடுத்த கூலியும் கொடுத்த மரியாதையும் எவ்வளவு என்பதை நம் மனச்சாட்சியே சொல்லட்டும். 'கூலிக்கு மாரடித்தல்' என்ற தொடரும், 'கூலிப்படை' என்ற சொல்லும் நம்முடையவைதாம்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கத்தை அமைத்து, ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையிலிடும் சட்டப் பிரிவுகளுக்கு எதிராகப் பாடுபட்டார். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்து தொழிலாளரைக் கண்டுவந்த கோ. நடேசய்யர் பின்னர் அவர்களுக்காகப் பத்திரிகையும் தொழிற்சங்கமும் நடத்தினார். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. இவர்களெல்லாம் வேண்டியது என்ன? கூலி என்ற சொல் மறுபடியும் ஊதியத்தைக் குறிக்க வேண்டும் என்பதைத்தான், அவர்கள் அப்படிச் சொல்லாவிட்டாலும், வேண்டினார்கள்.

இவ்விடத்தில், இச்சொல்லைப் பற்றிய என் பார்வையைத் திருத்திய ஒரு நண்பரைக் குறிப்பிட வேண்டும். ஆசிரியர் கலாசாலையில் என்னோடு விடுதியில் இருந்தவர் அவர், கிழக்கிலங்கை முஸ்லிம். ஒரு மரண வீட்டுச் செய்தி வந்தபோது, பொறுமையாக இருப்பவர்களுக்கு இறைவன் நற்கூலி தருவான் என்று தம் வீட்டாருக்குக் கடிதம் எழுதினார். அந்தச் சொல் என்னை நிறுத்திற்று. கூலியோடு 'நல்' என்ற அடையைச் சேர்த்து நான் அதுவரை கேட்டதில்லை. தமிழில் வெளிவந்துள்ள குர்ஆன் மொழிபெயர்ப்புகளை அவர்தான் காட்டினார். 'அஜ்ர்' என்ற அரபுச் சொல்லுக்கு அவற்றிலே கூலி, நற்கூலி என்றே தமிழ் தரப்பட்டிருக்கிறது. மனிதன் செய்த நன்மைக்கு இறைவன் கொடுப்பதும் கூலி, கிணற்றில் தண்ணீர் இறைத்தவனுக்கு மனிதன் கொடுப்பதும் கூலி. அல்கஸஸ் அத்தியாயத்தில் மத்யன் நகரத்துக்கு வந்த மூஸா நபி, இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நிழலில் ஒதுங்குகிறார். அதற்கான கூலியைக் கொடுக்கத் தம் தந்தை அழைப்பதாக அப்பெண்களில் ஒருத்தி வந்து சொல்கிறாள். பின்பு எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து ஆண்டுகள், அங்கே வேலை செய்ய உடன்பாடாகிறது. பிர்அவ்னின் அரண்மனையில் வளர்ந்தவர் கூலியாளாக நின்றார். அதனால் அவருடைய தரம் குறையவில்லை.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியை அறியாதவர் இல்லை. புகாரியில் பதிவாகியுள்ள இன்னொரு நபிமொழி அதைவிடக் கடுமையானது. மறுமையில் இறைவனே எதிராளியாக நிற்கப்போவது மூவருக்கு எதிராக. இறைவன் பெயரால் வாக்களித்து மோசம் செய்தவன் ஒருவன், சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் காசைத் தின்றவன் ஒருவன், வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவன் ஒருவன். ஆசை வார்த்தை சொல்லி ஆள் பிடித்ததையும், துண்டிலே ஆளை மாற்றியதையும், நிலுவையில் போட்ட கூலியையும் படித்த பிறகு இதைப் படித்தால், மூன்று குற்றங்களும் ஒரே தோட்டத்தில் ஒன்றாக நடந்திருக்கின்றன என்பது தெரியவரும்.

சுமை தூக்குபவருக்கு அரபியில் உள்ள பெயர் 'ஹம்மால்'. சுமத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. வானமும் பூமியும் மலைகளும் ஏற்க அஞ்சிய அமானிதத்தை மனிதன் சுமந்தான் என்று குர்ஆன் சொல்லும் இடத்திலும் அதே வேர்தான் இருக்கிறது. கடலோடி சிந்துபாத்தை எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆயிரத்தொரு இரவுகளில் அந்தக் கடலோடியின் கதைகளைக் கேட்பவன் பாக்தாத்து ஹம்மால் ஒருவன். அவன் பெயரும் சிந்துபாத்தான். ஒவ்வொரு நாளும் கதை முடிந்ததும் அவனுக்கு நூறு பொன் கொடுத்தே அனுப்புகிறான் கடலோடி. அரபுச் சொல் அவன் செய்யும் வேலையைச் சொல்கிறது. தமிழ்ச் சொல் அவனுக்குச் சேர வேண்டியதைச் சொல்கிறது. ஆங்கிலத்துக்குப் போன சொல் இரண்டையும் சொல்லாமல், அவன் நிற்க வேண்டிய இடத்தை மட்டும் சொல்லத் தொடங்கியது.

இச்சொல்லை என்ன செய்வது என்பதில் இன்று இரண்டு போக்குகள் உண்டு. தென்னாபிரிக்காவில் அது வாயெடுக்கக் கூடாத வசை. இந்திய ரயில்வே 2016ஆம் ஆண்டு வரவுசெலவு அறிக்கையில், நிலையச் சுமைதூக்குவோரை இனிச் 'சகாயக்' என்று அழைப்பதாக அறிவித்தது. இதற்கு எதிரான போக்கு, சொல்லை மீட்டெடுப்பது. முல்க் ராஜ் ஆனந்த் 1936இலேயே தம் நாவலுக்கு அந்தப் பெயரை வைத்தார். மொரீஷியசுக் கவிஞர் கால் தொராபுலி 1992இல் இச்சொல்லிலிருந்தே 'கூலித்துவம்' என்று சொல்லத்தக்க ஒரு கருத்தை உருவாக்கினார், கப்பலேறியவர்களின் பேரர்கள் அந்தப் பெயரை வெட்கமின்றி ஏந்தலாம் என்றார். 1983இல் வந்த 'கூலி' என்ற இந்திப் படத்தில் அமிதாப் பச்சன் 786 என்ற வில்லையைக் கையில் கட்டிய இக்பால் என்ற சுமைதூக்கியாக நடித்ததை நம்மவர் பலர் பார்த்திருப்பார்கள்.

பெயரை மாற்றுவதையும் மீட்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழரான நமக்கு மூன்றாவது வழி ஒன்று திறந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அது கடன் வாங்கிய சொல், நமக்குச் சொந்தச் சொல். அதன் முதற்பொருள் நம்மிடம் அழியாமல் இருக்கிறது. ஆளைத் தொழிலாளி என்று அழைப்போம். கூலி என்பதை அவருக்குச் சேர வேண்டியதன் பெயராகவே வைத்திருப்போம். வகுப்பறையில் நான் இப்போது அப்படித்தான் படிப்பிக்கிறேன்.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று நினைப்பவர்கள் மலையகத்தைப் பார்க்கலாம். மலையக மக்கள் இங்கு வந்த இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் போன பாதையில் ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. நடந்தவர்கள் கேட்டவற்றில் காணியும் வீடும் நியாயமான சம்பளமும் இருந்தன. பல வருடப் போராட்டத்துக்குப் பின்பே 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாவானது. எங்கள் பக்கத்திலும் வெங்காயத் தோட்டத்தில் ஒரே வெயிலில் நிற்கும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்று இரண்டு கணக்கு உண்டு. கூலி என்ற சொல்லை ஆங்கிலேயன் கெடுத்தான் என்று மேடையில் பேசுவது இலகு. பொழுது சாயும்போது வரம்பில் காத்து நிற்பவருடைய கையில் அந்தச் சொல்லின் உண்மையான பொருளை, குறைக்காமல், எண்ணி வைப்பதுதான் கடினம்.